ஒரே பெயரில் இரண்டு பட்டைகள்: நெய்வேலி அடுக்களைக்கு வந்த ஒரு மணப்பொருளின் வரலாறு

தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் ‘பட்டை’ என்ற ஒற்றைச் சொல்லால் கேட்டு வாங்கப்படும் மணப்பொருள் ஒரே மரத்திலிருந்து வருவதன்று. இலங்கையின் தென்மேற்குத் தாழ்நிலங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளிலும் வளர்கின்ற, தாவரவியலார் சின்னமோமம் வேரம் என்று பெயரிட்டுள்ள கறுவா மரத்தின் தாள் போன்ற உட்பட்டை ஒன்று. சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் வளரும் அதன் உறவு மரங்களிலிருந்து உரிக்கப்பட்டு, உலக வணிகத்தில் ‘காசியா’ என்று வழங்கப்படும் தடித்த பட்டை மற்றொன்று. மணத்தில் ஒத்தும் வேதியியலில் ஒரு முக்கியக் கூற்றில் வேறுபட்டும் நிற்கும் இவ்விரண்டும் எவ்வாறு ஒரே பெயருக்குள் அடங்கின என்பதும், அவற்றுள் எது இன்று அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது என்பதும் சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் செய்திகள் அல்ல. உண்பவரின் ஈரல் வரை தொடரும் செய்திகள்.

இவ்வரலாற்றைப் பார்ப்பதற்கு நெய்வேலி ஏற்ற இடம். கறுவா வாணிகத்தோடு பல நூற்றாண்டுத் தொடர்புடைய பரங்கிப்பேட்டை, கடலூர் ஆகிய சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் அங்கிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளன. ஆயினும் நகரியமோ 1956-ஆம் ஆண்டு நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னர், முந்திரிக் காடும் மானாவாரி நிலமும் சிற்றூர்களும் இருந்த செம்மண் மேட்டில் புதிதாக எழுந்தது. 1957-ஆம் ஆண்டு மே மாதம் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. பழமையான வாணிகக் கரைக்குப் பக்கத்தில், பழக்கவழக்கம் எதுவும் முன்கூட்டி வகுக்கப்படாத புது நகரம் ஒன்று எழுந்ததால், ஒரு மணப்பொருள் எந்த வழியில் வந்து அடுக்களையில் இடம்பிடித்தது என்பதை இங்கே ஓரளவு தெளிவாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

நகரியத்திற்கு முந்தைய தென்னார்க்காட்டு உள்நாட்டுச் சமையலின் சொந்த மணம் பட்டையினுடையது அன்று. அது வடகத்தின் மணம். சின்ன வெங்காயத்தை இடித்து, பூண்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றோடு பிசைந்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி, கோடை வெயிலில் நாள்தோறும் உதிர்த்து மீண்டும் உருட்டிக் காயவைக்கும் இந்தத் தாளிப்பு வடகம் கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக் காரக்குழம்புக்கும் மீன்குழம்புக்கும் உயிராக இருந்தது, இன்றும் இருக்கிறது. சாம்பாரிலும் ரசத்திலும் பட்டைக்கு இடமில்லை என்ற வழக்கம் தமிழகத்தின் பெரும்பகுதியில் மாறாமல் நிலைத்திருப்பதைக் கொண்டு, மிளகும் சீரகமும் ஊறிய அடித்தளத்தின்மேல் பிற்காலத்தில் வந்து படிந்த அடுக்கே பட்டை என்று கொள்வது பொருந்தும். ஆனால் பிற்காலத்தில் வந்தது அடுக்களைப் பழக்கம் மட்டுமே. அந்தச் சரக்கைத் தமிழ்க்கரை அறிந்ததும் கையாண்டதும் மிக முன்பே நிகழ்ந்துவிட்டன.

பண்டைய கிரேக்கரும் ரோமரும் கறுவாவைப் பெருவிலை கொடுத்து வாங்கினார்கள். எனினும் அது எங்கே விளைகிறது என்பதை அறியாமலே வாங்கினார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் ஹெரோடோட்டஸ் அதை அரேபியாவில் பெரும் பறவைகள் கூடு கட்டக் கொண்டுவரும் குச்சி என்று எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் வழிப் பயணத்தைப் பதிவுசெய்த ‘பெரிப்ளுஸ்’ என்ற கடலோடிக் கையேடு, காசியாவை ஆப்பிரிக்கக் கொம்பின் துறைமுகங்களில் கிடைக்கும் சரக்காகவே குறிப்பிடுகிறது. இடைநின்ற வணிகர்கள் விளைவிடத்தை வெளிவிடாமல் காத்தனர் என்பதே அறிஞர் பலரின் கருத்து. இலங்கைக் கறுவாவைப் பற்றிய ஐரோப்பியரின் தெளிவான குறிப்பு, தமிழ்க் கரையோடு சேர்ந்தே முதலில் தலைகாட்டுகிறது: 1292-ஆம் ஆண்டளவில் இந்தியாவில் தங்கிய இத்தாலியத் துறவி மொந்தேகொர்வினோவின் யோவான், மஅபருக்கு அருகேயுள்ள தீவிலிருந்து கறுவா பெருமளவில் ஏற்றிச் செல்லப்படுவதாக எழுதினார். மஅபர் என்பது அரபு வணிகர் சோழமண்டலக் கரைக்கு வழங்கிய பெயர்.

அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1344-இல் புத்தளத்தில் கரையிறங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா தரும் காட்சி இன்னும் நெருக்கமானது. வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட கறுவாக் கட்டைகள் கடற்கரையில் குவிந்து கிடந்ததையும், மஅபர், மலபார் மக்கள் அவற்றை விலை கொடாமல் எடுத்துச் சென்றதையும், அதற்கு ஈடாக அரசனுக்குத் துணியும் அதைப் போன்ற பிறவும் காணிக்கையாக அளித்ததையும் அவர் பதிவுசெய்கிறார். அவர் அங்கே சந்தித்த அரசன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. துணி போனது, பட்டை வந்தது. சோழமண்டலத் தறிக்கும் இலங்கைக் காட்டுக்கும் இடையே நடந்த இந்தக் கொடுக்கல் வாங்கலே, பின்னர் ஐரோப்பியக் கம்பெனிகள் பெருக்கி எடுத்துச் சென்ற வாணிகத்தின் மூல வடிவம்.

பெயர்க் குழப்பத்திற்கும் இந்தக் கடல்வழிகளே காரணம். இலங்கைத் தமிழர் ‘கறுவா’ என்கின்றனர். மலையாளத்திலும் அச்சொல்லே உள்ளது. தமிழகத்தின் மருத்துவ நூல் வழக்கில் ‘இலவங்கப்பட்டை’ என்ற பெயர் நிலைத்தது. ஆனால் பேச்சுவழக்கில் ‘லவங்கம்’ என்றால் கிராம்பு என்னும் மொட்டு. ஆகவே ‘பட்டை, லவங்கம்’ என்று கடைக்காரர் இணைத்துச் சொல்லும்போது இரண்டு வேறு மரங்களின் சரக்குகள் பேசப்படுகின்றன. வடநாட்டு ‘தால்சினி’யோ பாரசீகத்தின் ‘தார்சீனி’யிலிருந்து வந்தது; அதன் பொருள் சீன மரம். அதாவது, தென்னகத்தின் ஒரு பகுதி இப்பொருளுக்கு இலங்கைத் தமிழரோடு ஒரே சொல்லைப் பகிர்கிறது; வடநாடோ அது சீனத்திலிருந்து வந்ததாகப் பெயரிலேயே நினைவு வைத்திருக்கிறது. இரண்டு பெயர்களும் பொருந்துவனவே, ஏனெனில் சரக்கு இரண்டு.

போர்ச்சுகீசியர் 1505-இல் இலங்கையை அடைந்து, கோட்டை அரசிடமிருந்து கறுவாவைத் திறையாகப் பெறத் தொடங்கினர். அவர்களை 1656-இல் கொழும்பிலிருந்தும் 1658-இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றிய டச்சுக் கம்பெனியோ, கறுவாவைத் தன் தனியுரிமையாக்கி, அனுமதியின்றி மரத்தை வெட்டுவதற்கும் பட்டையை விற்பதற்கும் மரண தண்டனை வரை விதித்தது. பட்டை உரிக்கும் கட்டாயம் ‘மகாபத்த’, அதாவது பெருவரி, என்ற அமைப்பின் கீழ்ச் சலாகம என்னும் குலத்தார்மேல் சுமத்தப்பட்டது. ஒவ்வோர் ஆணும் தன் வயதுக்கேற்ப இத்தனை எடை பட்டை கொடுத்தே தீரவேண்டும். இச்சலாகமரின் மரபுக் கதை, தாங்கள் தென்னிந்தியக் கரையிலிருந்து அழைத்துவரப்பட்ட நெசவாளர் வழியினர் என்று கூறுவதும், தமிழகத்தில் சாலியர் என்ற நெசவுச் சமூகம் இருப்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை. தறியில் அமர்ந்திருந்த கைகள் பட்டை உரிக்கும் கத்தியைப் பிடிக்க நேர்ந்த அந்த மாற்றத்தின் துன்பத்தை ஐரோப்பியக் கணக்கேடுகளில் காண இயலாது. எடையும் விலையும் மட்டுமே அங்கே உண்டு.

இந்த வாணிகத்தில் கடலூர்க் கரையின் பங்கு துணியால் அமைந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் பண்டகசாலை நிறுவினர். சோழமண்டலத்தை மொலுக்காத் தீவுகளின் இடக்கை என்று டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் பிரௌவர் வருணித்ததற்குக் காரணம், தமிழ்நாட்டுத் துணி இல்லையேல் கிழக்கின் மணப்பொருள்களை வாங்கப் பண்டமில்லை என்பதுதான். 1690-இல் ஆங்கிலேயர் அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரையுள்ள ஊர்கள் அவர்களுக்கு உரியன என்பது உடன்பாடு. பரங்கிப்பேட்டையின் முஸ்லிம் மரக்கலராயர்கள் அச்சே, மலாக்கா முதலிய கிழக்குத் துறைகளுக்குத் துணி ஏற்றிச் சென்று திரும்பிய வழி, கிழக்கத்திய மணப்பொருள்கள் இக்கரைக்கு வரும் வழியாகவும் இருந்தது. பட்டையைத் தேடி வந்த அதே போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த முந்திரி, பின்னர் பண்ருட்டி, நெய்வேலிச் செம்மண்ணில் காடாகப் பரவியது என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். அவர்கள் தேடிய பொருளைவிடக் கொண்டுவந்த பொருளே இவ்வட்டாரத்தின் வாழ்க்கையை அதிகம் மாற்றியது.

1796-இல் இலங்கையின் கரைப்பகுதிகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. சில ஆண்டுகள் அவை சென்னையிலிருந்தே ஆளப்பட்டன. 1833-இல் கறுவாத் தனியுரிமை நீக்கப்பட்டபோதும் கடுமையான ஏற்றுமதி வரி தொடர்ந்ததால், விலை மலிந்த சீனக் காசியா உலகச் சந்தையில் கறுவாவின் இடத்தைப் பிடித்தது. இலங்கைத் தோட்டக்காரர் காப்பிக்கும், பின்னர்த் தேயிலைக்கும் திரும்பினர். மெல்லிய பட்டையை உரிக்கக் கைத்தேர்ச்சியும் பல மணிநேர உழைப்பும் வேண்டும். தடித்த பட்டைக்கு அவ்வளவு வேண்டியதில்லை. உழைப்பின் விலையே போட்டியைத் தீர்மானித்தது. இந்தியச் சந்தைக்கும் இன்று வெளிநாட்டிலிருந்து வந்திறங்குவதில் பெரும்பகுதி வியட்நாம், சீனா, இந்தோனேசியா ஆகியவற்றின் காசியாவே. ஆகவே, இரண்டு நாள் கடல் தொலைவில் இருந்த கறுவாவை விட்டு, தூரத்துக் காசியா தமிழ் அடுக்களையின் ‘பட்டை’ ஆனதற்கு, சுவை காரணமன்று, விலையே காரணம்.

அடுக்களைக்குள் பட்டை நுழைந்த வாயில்கள் பல. கரையோர முஸ்லிம் குடும்பங்களின் நெய்ச்சோறும் பிரியாணியும், ஆர்க்காட்டு நவாபு ஆட்சியோடு பரவிய தக்காணச் சமையலும், கறிக்குழம்புக்கு அரைக்கும் மசாலாவும் அவற்றுள் முதன்மையானவை. நெய்வேலியில் இவற்றோடு மற்றொரு வாயிலும் திறந்தது. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், கேரளம், ஆந்திரம், வடமாநிலங்கள் ஆகியவற்றிலிருந்தும் பொறியாளரும் தொழிலாளரும் வந்து, ‘வட்டம்’ என்று எண்ணிட்டு அழைக்கப்படும் குடியிருப்புகளில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியேறினர். இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் தொழிற்சாலைகளில் உணவகம் அமைக்க வகைசெய்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் பயனாக, ஷிப்டு முறையில் பணிபுரிவோர் ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ணும் வழக்கமும் இத்தகைய தொழில் நகரங்களில் ஏற்பட்டது. பல ஊர் நாக்குகளுக்குப் பொதுவாக அமையும் குருமா, புலாவு போன்றவற்றுக்குப் பட்டையும் கிராம்பும் ஏலமும் பொது மொழியாக உதவின. அந்தப் பொது மொழி உள்ளூர் விளைச்சலோடும் கலந்தது. பலாமூசு எனப்படும் பலாப்பிஞ்சை முள்தோல் சீவி, துண்டாக்கி, மஞ்சளிட்டு வேகவைத்து, இறைச்சியைப் போலவே பட்டை, சோம்பு தாளித்து, அரைத்த முந்திரியும் தேங்காயும் ஊற்றிக் கொதிக்கவிடும் குருமாவில், கிழக்காசியக் காட்டின் பட்டையும் பிரேசிலின் கொட்டையும் உள்ளூர்ப் பலாவும் ஒரே சட்டியில் கூடுகின்றன. நெய்வேலி வட்டாரத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் பதார்த்தம் வேறில்லை.

இரண்டு பட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். கறுவாவின் குச்சியைக் குறுக்கே முறித்தால், சுருட்டுக்குள் சுருட்டாகப் பல மெல்லிய ஏடுகள் செருகப்பட்டிருப்பது தெரியும். நிறம் வெளிர் பழுப்பு. விரலால் நெரித்தாலே நொறுங்கும். இளங்கொம்பின் புறத்தோலைச் சுரண்டி நீக்கி, பித்தளைக் கோலால் தேய்த்து நெகிழச் செய்து, உட்பட்டையை மட்டும் கீறி எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிழலில் உலர்த்துவதால் அமையும் வடிவம் அது. நாட்டு மருந்துக் கடைகளில் ‘சன்ன லவங்கப்பட்டை’ என்றும் ‘சுருள்பட்டை’ என்றும் கேட்டால் பெரும்பாலும் இது கிடைக்கும். காசியாவோ ஒரே ஏடு, தடித்தது, செம்பழுப்பானது, இரு ஓரங்களும் உள்நோக்கி வளைந்தோ, ஓடு போலத் தட்டையாகவோ இருக்கும், கையால் உடைப்பது கடினம், மிக்சியில் போட்டாலும் கடகடவென்று மோதும். கறுவாப் பட்டை பென்சிலைச் சுற்றிச் சுருட்டத்தக்க அளவு மெல்லியது என்பதையே வீட்டுச் சோதனையாக இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் பரிந்துரைக்கிறது.

சமையலில் இரண்டும் மணம் தரும் விதம் ஒன்றே. சின்னமால்டிஹைடு என்ற எண்ணெய்ப் பொருளே பட்டையின் மணத்துக்கு அடிப்படை. அது கொழுப்பில் எளிதில் கரைவதால், நெய்யோ எண்ணெயோ சூடானதும் முதலில் பட்டையை இடுகின்ற தாளிப்பு முறை அறிவியலுக்கு ஒத்தது. காசியாவின் மணம் காரமும் கடுமையும் கொண்டது. நெடுநேரம் வேகும் பிரியாணிக்கும் கறிக்கும் அது தாங்கும். கறுவாவின் மணம் மென்மையானது, இனிப்பை ஒட்டியது. பாயசம், தேநீர், பழப்பச்சடி ஆகியவற்றுக்கு அதுவே சிறந்தது.

மருத்துவப் பயனைப் பற்றிய பேச்சில் அளவுணர்வு வேண்டும். சித்த மருத்துவம் இலவங்கப்பட்டையை வயிற்றுப் பொருமல், செரியாமை முதலியவற்றுக்கு, பிற சரக்குகளோடு சேர்த்து, சிறிய அளவில் பயன்படுத்தி வந்தது. அண்மைக் காலத்தில் பரவியிருப்பதோ வேறு நம்பிக்கை: நாள்தோறும் ஒரு கரண்டி பட்டைத் தூள் சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்பது. 2003-இல் பாகிஸ்தானில் 60 நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 6 கிராம் வரை காசியா கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வு, இரத்தச் சர்க்கரை குறைந்ததாகக் கூறியது. அந்த நம்பிக்கை வலுப்பட்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 10 ஆய்வுகளையும் 577 பேரையும் ஒருசேர மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் 2012-ஆம் ஆண்டு மீளாய்வு, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடிவு கூறியது. மருந்தை நிறுத்திவிட்டுப் பட்டைத் தூளை நம்புவது ஆபத்து என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் இரண்டு பட்டைகளின் வேறுபாடு உயிர்நிலையாகிறது. காசியாவில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் கணிசமாக உள்ளது. கறுவாவில் அது மிக மிகச் சிறிதளவே. அதிக அளவில் தொடர்ந்து உட்கொண்டால் கூமரின் சிலரது ஈரலைப் பாதிக்கும். அமெரிக்கா 1954-லேயே அதை உணவில் தனியே சேர்ப்பதைத் தடைசெய்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளலாம் என்று வரம்பு வகுத்துள்ளது. ஒரு கிராம் காசியாத் தூளில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் கூமரின் இருப்பதாக ஜெர்மானிய நிறுவனம் ஒன்று கண்ட சராசரியைக் கொண்டு கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 2 கிராம் தூளே அன்றாட எல்லை. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம்தான். ஒரு தேக்கரண்டித் தூளே இரண்டரை கிராம் அளவுக்கு வந்துவிடும். மாறாக, ஒரு கிலோ அரிசிப் பிரியாணிக்கு 5 கிராம் பட்டை இட்டு, பத்துப் பேர் உண்டால், ஒருவர் பங்கு அரை கிராமுக்கு மிகாது; அதுவும் முழுத் துண்டு இலையோரம் ஒதுக்கப்படுகிறது, உண்ணப்படுவதில்லை. எனவே சமையலில் பட்டை அஞ்சத்தக்கதன்று; ஆண்டுக்கணக்காக மருந்துபோல் விழுங்கப்படும் காசியாத் தூளே எச்சரிக்கைக்கு உரியது. ஈரல் நோய் உள்ளவரும், சர்க்கரை நோய்க்கோ இரத்தம் உறையாமைக்கோ மருந்து உட்கொள்பவரும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது. சிலருக்குப் பட்டை எண்ணெய் வாய்ப்புண்ணையும் தோல் எரிச்சலையும் உண்டாக்குவதும் உண்டு.

தூளில் மற்றொரு கேடும் இருக்கிறது. 2023-இன் இறுதியில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் சேர்ந்த பட்டைத் தூளில் ஈயம் பெருமளவில் கண்டறியப்பட்டது. நிறமும் எடையும் கூட்டச் சேர்க்கப்பட்ட ஈயக் குரோமேட்டு அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. முழுப் பட்டையை வாங்கி வீட்டில் வறுத்து இடிக்கும் பழைய வழக்கம் வெறும் பழமைப் பற்று அல்ல என்பதற்கு இதுவே போதிய சான்று.

இந்திய உணவுத் தர விதிகள் கறுவாவையும் காசியாவையும் இரு வேறு பொருள்களாகவே வரையறுத்துள்ளன. ஆனால் சில்லறைக் கடையின் பொட்டலத்தில் இரண்டுக்கும் ‘பட்டை’ என்ற ஒரே சீட்டுத்தான் ஒட்டப்படுகிறது. வாங்குபவர் முறித்துப் பார்த்தும், பெயர் சொல்லிக் கேட்டும் வாங்க வேண்டும். விற்பவர் ‘சுருள் கறுவா’, ‘காசியா’ என்று பிரித்து எழுதி விற்க வேண்டும்.